பழைய டீசல் இன்ஜினை மாற்றினால் புகை எத்தனை கிலோ குறையும்? செட்டிநாட்டு ஆலைக்காரர்கள், மண்டபக்காரர்கள், லாரிக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் ஜென்செட், ஆயில் இன்ஜின், லாரி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. முன்பே சொன்னதை மறுபடி எழுதவில்லை. எந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் சுட்டியிருக்கிறோம். கணக்குப் போட ஒரு கால்குலேட்டரும் உங்கள் டீசல் பில்களும் போதும்.

1. இன்ஜினை மாத்தினா புகை குறையும்னு தெரியுது. எவ்வளவு குறைஞ்சதுன்னு சொல்லணும்னா எதைச் சொல்றது?

ஆண்டுக்கு இத்தனை கிலோ என்று சொல்ல வேண்டும். அதையும் பொருள் வாரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். முதலாவது புகைத்தூள், அதாவது கறுப்பாகத் தெரியும் கரியும் அதோடு ஒட்டி வரும் நுண்துகள்களும். இரண்டாவது நைட்ரஜன் ஆக்சைடுகள். இவை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூச்சுக்குழாயைத் தாக்கும், காற்றில் ஓசோனும் நுண்துகளும் உருவாகக் காரணமாகும். மூன்றாவது கார்பன் டை ஆக்சைடு. இது இன்ஜின் எரிக்கும் டீசலை மட்டுமே பொறுத்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 2.68 கிலோ.

மூன்றையும் கூட்டி “மாசு 80 சதவீதம் குறைந்தது” என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஒன்று குறையும்போது இன்னொன்று அப்படியே இருக்கலாம், ஏறவும் செய்யலாம். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. அதனால் பின்கட்டில் ஜென்செட் ஓடும் வீடாக இருந்தாலும், களத்தில் ஓடும் ஆலையாக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது புகைத்தூளைத்தான்.

2. கணக்கு எப்படிப் போடுறது? ஃபார்முலா ரொம்பக் கஷ்டமா?

ஒரே ஒரு பெருக்கல்தான். இன்ஜின் ஓராண்டில் செய்த வேலை எத்தனை யூனிட், ஒரு யூனிட் வேலைக்கு எத்தனை கிராம் மாசு, இந்த இரண்டையும் பெருக்குங்கள். பழைய இன்ஜினுக்கு ஒருமுறை, புதியதற்கு ஒருமுறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குறைப்பு.

இங்கே யூனிட் என்பது இன்ஜின் தண்டில் வெளிவரும் கிலோவாட்-மணி. ஜென்செட்டின் மின்மீட்டரில் தெரியும் யூனிட் இதைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஏனென்றால் ஆல்டர்நேட்டரில் ஒரு பங்கு இழப்பாகிறது. மீட்டர் யூனிட்டை 0.92-ஆல் வகுத்தால் தண்டு யூனிட் கிடைக்கும். சிறிய செட்டுக்கு 0.85 என்று எடுத்துக்கொள்ளலாம்.

பலர் செய்யும் தவறு, பெயர்ப்பலகையில் உள்ள கிலோவாட்டை ஓடிய மணியால் அப்படியே பெருக்குவது. எந்த ஜென்செட்டும் முழு லோடில் ஆண்டு முழுக்க ஓடுவதில்லை. அப்படிப் பெருக்கினால் குறைப்பு உண்மையைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்காக வீங்கிவிடும்.

3. ஹவர் மீட்டர் செத்துப்போச்சு, யூனிட் மீட்டரும் கிடையாது. டீசல் பில்லு மட்டும்தான் இருக்கு. அது போதுமா?

போதும். உண்மையில் அதுதான் நம்பகமானது. ஒரு லிட்டர் டீசல் ஏறத்தாழ 0.83 கிலோ எடை. நல்ல லோடில் ஓடும் நடுத்தர இன்ஜின் ஒரு யூனிட் வேலைக்கு ஏறத்தாழ 225 கிராம் டீசல் குடிக்கும். ஆக, ஒரு லிட்டருக்குத் தண்டில் 3.7 யூனிட், மின்மீட்டரில் 3.4 யூனிட். ஒற்றை சிலிண்டர் ஆயில் இன்ஜினுக்கு 250 கிராம் என்று வைத்தால் லிட்டருக்கு 3.3 யூனிட்.

ஹவர் மீட்டர், யூனிட் மீட்டர், டீசல் பில் மூன்றும் இருந்தால் ஒன்றை ஒன்று சரிபார்க்கலாம். லிட்டருக்கு 4.5 யூனிட் என்று வந்தால் சில பில்கள் தொலைந்திருக்கின்றன. 2 யூனிட் என்று வந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். செட் மிகக் குறைந்த லோடில் ஓடுகிறது, அல்லது அதே பேரலிலிருந்து டிராக்டருக்கும் டீசல் போகிறது. இரண்டாவது இந்தப் பக்கம் மிகச் சாதாரணம். பேரலில் இருந்து எடுப்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

4. எந்த வருஷத்துப் பில்லை எடுக்கணும்?

ஒரே ஆண்டை எடுக்காதீர்கள். கடந்த மூன்று ஆண்டு சராசரி எடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டைப் பக்கம் பல நாள் கரண்ட் இல்லாமல் ஜென்செட்டே கதியாக இருந்தது. அப்படி ஒரு ஆண்டை அடிப்படையாக வைத்தால் கணக்கு ஏறும். 2020 ஊரடங்கு போன்ற ஆண்டை வைத்தால் இறங்கும். 2012 மின்வெட்டுக் காலத்து ஓட்ட நேரத்தை இன்றைய கணக்கில் சேர்ப்பது அறவே கூடாது. அந்த மணிநேரம் இன்று இல்லை.

5. ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிராம்னு எங்கே பார்க்கிறது?

இன்ஜின் எந்த விதிமுறையின் கீழ் தயாரானதோ அதன் வரம்பைப் பார்க்க வேண்டும். ஜென்செட் இன்ஜினில் ஒட்டியிருக்கும் பலகையில் தயாரித்த ஆண்டும் கிலோவாட் அளவும் இருக்கும். ஜென்செட்டுக்கான மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் (சுருக்கமாக சிபிசிபி) முதல் விதி 2004-05 வாக்கில் வந்தது. யூனிட்டுக்குப் புகைத்தூள் 0.3 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 9.2 கிராம், ஹைட்ரோகார்பன் (எரியாமல் வெளியேறும் எரிபொருள்) 1.3 கிராம். இரண்டாம் விதி, அதாவது சிபிசிபி 2, 2014 ஏப்ரல் முதல். 19 கிலோவாட் வரை புகைத்தூள் 0.3, நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும் சேர்த்து 7.5. இனி வரும் ஜோடி எண்களும் இதே வரிசை. 19 முதல் 75 வரை 0.3, 4.7. 75-க்கு மேல் 0.2, 4.0.

இப்போது நடப்பில் உள்ள சிபிசிபி 4+ 2023 ஜூலை முதல் அமலானது. 8 கிலோவாட் வரை 0.3, 7.5. 8 முதல் 19 வரை 0.3, 4.7. 19 முதல் 56 வரை 0.03, 4.7. 56 முதல் 560 வரை புகைத்தூள் 0.02, நைட்ரஜன் ஆக்சைடு 0.40, ஹைட்ரோகார்பன் 0.19. இந்த வரிகளை ஒரு தாளில் எழுதி ஜென்செட் அறையில் ஒட்டி வைப்பது நல்லது. கீழே பல பதில்கள் இதன்மேல்தான் நிற்கின்றன.

வரம்பு என்பது மேல் எல்லை. புது இன்ஜின் அதற்குக் கீழேதான் இருக்கும். பத்தாண்டு ஓடி நாசில் தேய்ந்த இன்ஜின் அதைத் தாண்டியிருக்கலாம். தயாரிப்பாளரிடம் வகைச் சான்றிதழ் கேட்டு, சோதனையில் அளந்த எண்ணை வாங்க முடிந்தால் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் இரு பக்கமும் வரம்பையே வையுங்கள். பழையதற்கு அளந்த எண், புதியதற்கு வரம்பு என்று கலந்தால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

6. எங்க அரிசி மில்லுல 125 கேவிஏ செட்டு, 2015 மாடல். புதுசு போட்டா எவ்வளவு குறையும்? ஒரு எண்ணு சொல்லுங்களேன்.

புதுவயல் ஆலை ஒன்றில் இருக்கக்கூடிய அளவுகளை வைத்து முழுதாகப் போட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 400 மணி நேரம், சராசரி லோடு 55 கிலோவாட். மின் யூனிட் 22,000. 0.92-ஆல் வகுத்தால் தண்டு யூனிட் ஏறத்தாழ 23,900. டீசல் 6,470 லிட்டர் ஆகியிருக்க வேண்டும். பில்லில் ஏறக்குறைய இதுவே இருந்தால் மேலே போகலாம்.

125 கேவிஏ என்றால் மின்சாரமாக 100 கிலோவாட், இன்ஜின் ஏறத்தாழ 110 கிலோவாட். ஆகவே சிபிசிபி 2-இல் 75-க்கு மேற்பட்ட வரி, சிபிசிபி 4+-இல் 56 முதல் 560 வரையிலான வரி. புகைத்தூள்: பழையது 23,900 × 0.2 = 4.8 கிலோ, புதியது 23,900 × 0.02 = 0.5 கிலோ. குறைப்பு 4.3 கிலோ. நைட்ரஜன் ஆக்சைடும் ஹைட்ரோகார்பனும்: பழையது 95.6 கிலோ, புதியது 14.1 கிலோ. குறைப்பு ஏறத்தாழ 81 கிலோ. கார்பன் டை ஆக்சைடு: 6,470 × 2.68, அதாவது 17 டன்னுக்குச் சற்று மேல். புதிய செட் டீசலை மிச்சப்படுத்தினால் ஒழிய இது மாறாது.

7. விளம்பரத்துல 90 சதவீதம் குறையும்னு போட்டிருக்கு. எங்க கடைக்கு 15 கேவிஏ. எங்களுக்கும் 90 தானே?

இல்லை. ஐந்தாவது பதிலில் உள்ள வரிகளைப் பாருங்கள். 15 கேவிஏ செட்டின் இன்ஜின் 8 முதல் 19 கிலோவாட் வகையில் வரும். அங்கே புகைத்தூள் வரம்பு பழைய விதியிலும் 0.3, புது விதியிலும் 0.3. கணக்கில் குறைப்பு பூஜ்யம். நைட்ரஜன் ஆக்சைடு-ஹைட்ரோகார்பன் மட்டும் 7.5-இலிருந்து 4.7-க்கு இறங்குகிறது. 25 கேவிஏ செட்டுக்குப் போனால் இன்ஜின் 19-ஐத் தாண்டிவிடும். அங்கே புகைத்தூள் 0.3-இலிருந்து 0.03, அதாவது உண்மையிலேயே 90 சதவீதம்.

62.5 கேவிஏ செட்டிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. அதன் இன்ஜின் 56 கிலோவாட் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறது. 56 அல்லது அதற்குக் கீழ் என்றால் நைட்ரஜன் ஆக்சைடு-ஹைட்ரோகார்பன் 4.7-லிருந்து 4.7, குறைப்பே இல்லை. 56-க்கு மேல் என்றால் 4.7-லிருந்து 0.59. ஒரே கேவிஏ, இரண்டு தயாரிப்பாளர்கள், கணக்கு முற்றிலும் வேறு. விலைப்புள்ளி வாங்கும்போது இன்ஜினின் கிலோவாட் அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

8. இன்ஜினை மாத்த வசதியில்லை. சைலன்சர் இடத்துல ஃபில்டர் போடலாம்ங்கிறாங்க. அதை எப்படிக் கணக்குல எடுக்கிறது?

மூன்று வகைச் சாதனங்களை மக்கள் ஒரே பெயரில் “ஃபில்டர்” என்கிறார்கள். ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட் என்பது கார்பன் மோனாக்சைடையும் எரியாத எண்ணெய்ப் பசையையும் எரித்துவிடும். புகைத்தூளில் அதிகம் போனால் 20 முதல் 40 சதவீதம் குறையும், கறுப்புக் கரி பெரும்பாலும் அப்படியே வெளியேறும். டிபிஎஃப் என்பது சுவர்களில் நுண்துளை உள்ள பீங்கான் வடிகட்டி. கரியை உண்மையில் பிடித்து வைப்பது இதுதான். ஒழுங்காக ஓடினால் 85 சதவீதத்துக்கு மேல். எஸ்சிஆர் என்பது யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. கரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஓடும் ஜென்செட்டில் பின்னால் பொருத்தும் கருவிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு வரையறை வைத்திருக்கிறது: புகைத்தூளில் குறைந்தது 70 சதவீதம் பிடிக்க வேண்டும், அங்கீகரித்த ஆய்வகம் சான்று தந்திருக்க வேண்டும். அந்தச் சான்று இருந்தால் 70 என்றே வையுங்கள், விற்பவர் 90 என்று சொன்னாலும். ஆறாவது பதிலின் ஆலைக்கு 4.8 கிலோவில் 70 சதவீதம் ஏறத்தாழ 3.4 கிலோ. நைட்ரஜன் ஆக்சைடில் குறைப்பு என்று எதையும் எழுதக் கூடாது.

இரண்டு கருவி போட்டால் சதவீதங்களைக் கூட்டாதீர்கள். கேட்டலிஸ்ட் 30, ஃபில்டர் 70, ஆக 100 என்று எழுதிய விலைப்புள்ளிகள் சுற்றுகின்றன. முதல் கருவி விட்ட 70 பங்கில்தான் இரண்டாவது வேலை செய்கிறது. மிச்சம் 0.7 × 0.3 = 0.21. மொத்தக் குறைப்பு 79 சதவீதம்.

9. பக்கத்து மில்லுல ஃபில்டர் போட்டு ஆறு மாசத்துல அடைச்சுக்கிட்டு, கழட்டி வச்சுட்டாங்க. ஏன் அப்படி ஆகுது?

பெரும்பாலும் வெப்பம் போதாததுதான் காரணம். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ளினால்தான் டிபிஎஃப் மூச்சு விடும். தானாக எரியும் வகைக்கு, ஓட்ட நேரத்தில் கணிசமான பங்காவது புகையின் சூடு 250 முதல் 300 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். லோடு குறைந்த செட்டில் அந்தச் சூடு வராது. கரி சேர்கிறது, பின் அழுத்தம் ஏறுகிறது, இன்ஜின் திணறுகிறது, டீசல் கூடுகிறது, கடைசியில் மெக்கானிக் கழற்றிவிடுகிறார்.

இரண்டாவது காரணம் எண்ணெய் குடிக்கும் இன்ஜின். ரிங், வால்வு கைடு தேய்ந்து நீலப்புகை விடும் இன்ஜினில் ஃபில்டரை மாட்டினால், எண்ணெயில் உள்ள உலோகச் சேர்மங்கள் சாம்பலாகத் தங்கிவிடும். கரி எரியும், சாம்பல் எரியாது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். எனவே வாங்குமுன் ஒரு வாரம் புகை வெப்பத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், இன்ஜின் எண்ணெய்ச் செலவைப் பாருங்கள், பின் அழுத்த மீட்டரும் எச்சரிக்கை விளக்கும் சேர்த்துக் கேளுங்கள். கழற்றி வைத்த நாள்களுக்குக் குறைப்பு பூஜ்யம். அந்த மணிநேரத்தைக் கழித்துவிட்டுத்தான் ஆண்டுக் கணக்கு எழுத வேண்டும்.

10. கல்யாண மண்டபத்துக்கு 125 கேவிஏ வச்சிருக்கோம். லோடு என்னமோ லைட்டும் ஃபேனும்தான். இதுக்கும் அதே கணக்கா?

அதே சூத்திரம், ஆனால் யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்ற எண் பொருந்தாது. ஜென்செட் இன்ஜினைச் சோதிக்கும் முறையில் 100, 75, 50, 25, 10 சதவீத லோடுகளில் அளந்து, முறையே 5, 25, 30, 30, 10 சதவீத எடை கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். உங்கள் செட் எப்போதுமே 15 கிலோவாட்டில், அதாவது முழு லோடில் ஏழில் ஒரு பங்கில் ஓடுகிறது. அந்த இடத்தில் யூனிட்டுக்கான மாசு சராசரியைவிட மிக அதிகம். லிட்டருக்கு 3.4 யூனிட் என்பதும் 2.5-க்குக் கீழே இறங்கிவிடலாம். சிலிண்டர் சூடேறாமல் டீசல் பாதி எரிந்து, புகைக்குழாய் மூட்டுகளில் கருப்பு எண்ணெயாக வழிவதைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் 125-ஐ எடுத்துவிட்டு இன்னொரு புது 125 வாங்குவது பணத்தை வீணடிப்பது. சூடு போதாமல் எஸ்சிஆரும் வேலை செய்யாது. 40 கேவிஏ செட் வைத்தால் அதே 15 கிலோவாட் பாதி லோடாகிவிடும். டீசலும் குறையும், கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்து குறையும். ஏசி எல்லாம் ஓடும் பெரிய விசேஷ நாளுக்கு மட்டும் பெரிய செட்டை வாடகைக்கு எடுக்கலாம். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைத் தங்கும் விடுதியாக்கியவர்களுக்கும் இதே பதில்: விருந்தினர் இல்லாத நாளில் பெரிய செட்டை ஓட்டாதீர்கள்.

11. லாரிக்கு எப்படி? என்னோடது 2014 மாடல், மாசம் 5,000 கிலோமீட்டர் ஓடுது.

ஆர்சி புத்தகத்தில் எந்த பாரத் நிலை (சுருக்கமாக பிஎஸ், வண்டிப் புகைக்கான நம் நாட்டு விதி) என்று பாருங்கள். 2017 ஏப்ரலில்தான் பிஎஸ் 4 நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் நம் பக்கம் பதிவான லாரிகள் பெரும்பாலும் பிஎஸ் 3. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6. கனரக இன்ஜினுக்கு பிஎஸ் 3, 4, 6-இல் முறையே யூனிட்டுக்குப் புகைத்தூள் வரம்பு 0.10, 0.02, 0.01 கிராம். நைட்ரஜன் ஆக்சைடு 5.0, 3.5, 0.46 கிராம்.

ஆண்டுக்கு 60,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் 15,000 லிட்டர். 3.7-ஆல் பெருக்கினால் 55,500 யூனிட். பிஎஸ் 3-இலிருந்து பிஎஸ் 6-க்கு மாறினால் புகைத்தூள் 5.6 கிலோவிலிருந்து 0.6 கிலோவுக்கும், நைட்ரஜன் ஆக்சைடு 278 கிலோவிலிருந்து 26 கிலோவுக்கும் இறங்கும். பிஎஸ் 4-இலிருந்து மாறினால் புகைத்தூள் குறைப்பு அரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். ஒரு லாரிக்கு மட்டும் பணம் இருந்தால் பிஎஸ் 3 லாரியை முதலில் மாற்ற வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

12. யூரியா ஊத்தாம ஓட்ட ஒரு சின்னப் பெட்டி மாட்டித் தர்றாங்களே அண்ணே, வண்டி நல்லாத்தானே ஓடுது?

வண்டி ஓடும். ஆனால் பதினொன்றாம் பதிலில் பார்த்த நைட்ரஜன் ஆக்சைடு குறைப்பில் பெரும்பகுதி அந்தப் பெட்டியோடு போய்விடும். யூரியா இல்லாத எஸ்சிஆர் வெறும் இரும்புக் குழாய். பிஎஸ் 6 வாங்கினேன் என்று கணக்கில் எழுதிவிட்டு, சாலையில் பழைய லாரியின் நஞ்சையே விடுவது மற்றவர் நுரையீரலுக்குச் செய்யும் துரோகம். சட்டப்படியும் குற்றம்.

சரிபார்க்க எளிய வழி, யூரியாக் கரைசல் பில். டீசலில் 3 முதல் 5 சதவீதம் செலவாக வேண்டும். 15,000 லிட்டர் டீசலுக்கு 600 லிட்டர் அளவில் பில் இருக்க வேண்டும். 100 லிட்டருக்கே பில் இருந்தால் குறைப்பை ஆறில் ஒரு பங்காக எழுதுங்கள். கடைச்சரக்கு யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் வேண்டாம். 32.5 சதவீதம் தூய கரைசல்தான் வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீர் தெளிப்பு நாசிலை அடைத்து, கேட்டலிஸ்டையும் கெடுத்துவிடும்.

13. இப்போ டீசலே சுத்தமாயிடுச்சுன்னு சொல்றாங்களே, அதையும் நம்ம குறைப்புல சேர்க்கலாமா?

கூடாது. 2020 ஏப்ரல் முதல் எல்லா பங்கிலும் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் உள்ள டீசல்தான். அதற்கு முன் 50. அந்தக் குறைப்பு பழைய இன்ஜினுக்கும் கிடைத்துவிட்டது. உங்கள் மாற்றத்தால் வந்ததல்ல.

14. புகைச் சான்றிதழ்ல ஒரு எண்ணு போட்டுத் தர்றாங்க. அதை வச்சே கணக்குப் போட்டா என்ன?

அந்த எண் புகை வெளிச்சத்தை எவ்வளவு மறைக்கிறது என்பதைச் சொல்வது. நின்ற இடத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்து எடுப்பது. பிஎஸ் 4-க்கு முந்தைய வண்டிக்கு மீட்டருக்கு 2.45, பிஎஸ் 4-க்கு 1.62, பிஎஸ் 6-க்கு 0.7 என்பவை வரம்புகள். இதைக் கிராமாக மாற்ற நேரான வழி கிடையாது, நைட்ரஜன் ஆக்சைடு இதில் தெரியவே தெரியாது. இன்ஜின் பழுதாகிவிட்டதா என்று கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

15. இன்ஜின் வேலை பார்த்து, நாசில், பம்ப்பு எல்லாம் சரி பண்ணினோம். புகையே இல்லை. இது மேம்பாடுதானே?

நல்ல பராமரிப்பு, கட்டாயம் செய்ய வேண்டியது. கறுப்புப் புகைக்கு முக்கியக் காரணங்கள் அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் நாசில், கூடுதலாகத் திறந்த பம்ப்பு. அவற்றைச் சரிசெய்தால் கண்முன்னே வித்தியாசம் தெரியும். ஆனால் இன்ஜின் தன் பழைய வரம்புக்குத் திரும்பியிருக்கிறது, புது வரம்புக்குப் போகவில்லை. வரம்பு எண்களை வைத்துப் போடும் கணக்கில் இதற்குக் குறைப்பு வராது. முன்னும் பின்னும் ஒரே லோடில் ஆய்வகம் அளந்திருந்தால் மட்டும் எழுதலாம்.

பம்ப்பு டைமிங்கை முன்னே தள்ளிப் புகையைக் குறைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. கரி குறையும், எரிப்பறை சூடேறி நைட்ரஜன் ஆக்சைடு கூடும். கண்ணுக்குத் தெரிவது போய், தெரியாதது வருகிறது. டைமிங்கை இன்ஜின் பலகையில் உள்ள டிகிரியிலேயே வையுங்கள்.

16. வயல்ல 5 எச்பி ஆயில் இன்ஜின். கரண்ட் மோட்டாருக்கு மாறினா முழுசும் குறைஞ்ச மாதிரிதானே?

வயலில் மூச்சு விடுபவருக்கு முழுசும் குறைந்ததுதான். கிணற்றடியில் புகைத்தூள் பூஜ்யம். கார்பன் டை ஆக்சைடில் அப்படி இல்லை. ஒரு லிட்டர் டீசல் தண்டில் 3.3 யூனிட் வேலை செய்து 2.68 கிலோ விடுகிறது. அதே வேலையை 78 சதவீதத் திறனுள்ள மோட்டார் செய்ய 4.2 யூனிட் கரண்ட் வேண்டும். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ. ஆக 3 கிலோ பக்கம். கம்பியில் ஆகும் இழப்பு தனி. கார்பனில் லாபம் இல்லை என்றே எழுத வேண்டும். சோலார் பம்பு வைத்தால்தான் அந்த 2.68-உம் மிச்சம்.

கண்மாய்ப் பாசனத்தில் மழை குறைந்த ஆண்டில்தான் இன்ஜின் அதிகம் ஓடும். அதனால் நான்காம் பதிலின் மூன்றாண்டு சராசரி இங்கே போதாது. ஐந்து ஆண்டு எடுங்கள்.

17. புதுசு வாங்கினா எத்தனை வருஷத்துக்குக் குறைப்பை எண்ணலாம்? புது செட்டு 15 வருஷம் வரும்.

புது செட்டின் ஆயுளைப் பார்க்காதீர்கள். பழையதற்கு மிச்சம் இருந்த ஆயுளைப் பாருங்கள். இன்னும் மூன்று ஆண்டில் எப்படியும் மாற்றியிருப்பீர்கள் என்றால் மூன்று ஆண்டுதான் உங்கள் முயற்சியின் பலன். நாலாம் ஆண்டில் கடைக்குப் போனாலும் சிபிசிபி 4+ தான் கிடைத்திருக்கும். ஆறாவது பதிலின் ஆலைக்கு 4.3 × 3, ஏறத்தாழ 13 கிலோ. 15 ஆண்டுக்கு 64 கிலோ என்று எழுதுவது தவறு. பழையது பிளாக் உடைந்து இனி ஓடாது என்ற நிலையில் வாங்கியது என்றால், அது கட்டாய மாற்றம். முயற்சியால் வந்த குறைப்பு என்று எதையும் கோர முடியாது.

18. பழைய செட்டை நல்ல விலைக்கு வேற ஊர் மண்டபத்துக்கு வித்துட்டோம். கணக்குல ஏதாவது மாறுமா?

எல்லாமே மாறும். புகை இடம் மாறியிருக்கிறது, குறையவில்லை. அங்கே அதைவிட மோசமான செட்டை அது வெளியேற்றியிருந்தால் கொஞ்சம் குறைப்பு உண்டு. ஜென்செட்டே இல்லாத இடத்தில் போய் ஓடினால் மொத்த மாசு கூடியிருக்கிறது. அமெரிக்காவில் 2005 சட்டத்தின்கீழ் டீசல் இன்ஜின் மாற்றத்துக்கு மானியம் தருகிறார்கள். அங்கே பழைய இன்ஜின் பிளாக்கில் மூன்று அங்குல ஓட்டை போட்டுப் படம் எடுத்துக் காட்ட வேண்டும். அந்தக் கண்டிப்பு இந்தக் காரணத்துக்காகத்தான். இங்கே அப்படிக் கட்டாயம் இல்லாவிட்டாலும், குறைப்பு என்று எழுதப் போகிறீர்கள் என்றால் இன்ஜினை உடைத்து இரும்புக் கடைக்குப் போட்ட ரசீதை வைத்திருங்கள். ஆல்டர்நேட்டரை விற்கலாம், அது புகை விடாது.

19. புகைக்குழாயை ஒசத்திட்டோம். வீட்டுக்குள்ள புகை வர்றதில்லை. அதுவும் குறைப்புதானே?

வெளியேறும் கிலோவில் ஒரு கிராம்கூட மாறவில்லை, எனவே குறைப்புக் கணக்கில் வராது. ஆனால் செய்தது சரியான வேலை. விதிப்படி கட்டட உயரத்துக்கு மேல் 0.2 × √கேவிஏ மீட்டர் குழாய் நிற்க வேண்டும். 125 கேவிஏ என்றால் 2.2 மீட்டர். இங்கத்திய வீடுகளில் முற்றம் திறந்திருக்கும். குழாய் கூரைக்குக் கீழே முடிந்தால் புகை முற்றத்தில் இறங்கி, வளவு முழுக்கச் சுற்றும். குழாயை உயர்த்துங்கள். கணக்குத் தாளில் மட்டும் தனி வரியில் எழுதுங்கள்.

20. இணையத்துல அமெரிக்கக் கணிப்பான் ஒண்ணு இருக்கே. அதுல போட்டா உடனே வந்துடுமே?

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணிப்பான் நன்றாகவே செய்யப்பட்டது. ஆனால் நீங்கள் காலியாக விடும் கட்டங்களை அது அமெரிக்க ஓட்ட நேரம், அமெரிக்க இன்ஜின் நிலைகளால் நிரப்பிக்கொள்ளும். 2015-இல் அங்கே விற்ற இன்ஜினும் இங்கே விற்ற இன்ஜினும் ஒன்றல்ல. பழைய இன்ஜின் அங்கே ஏற்கெனவே சுத்தமானதாக எண்ணப்பட்டு உங்கள் குறைப்பு சுருங்கிவிடும்.

அலகுகளிலும் கவனம் வேண்டும். ஒரு கேலன் 3.785 லிட்டர், ஒரு எச்பி 0.746 கிலோவாட், அவர்களின் டன் 907 கிலோ. எச்பி-மணிக்கு கிராம் என்றிருப்பதை 1.34-ஆல் பெருக்கினால் யூனிட்டுக்கு கிராம்.

21. இவ்வளவு செலவு பண்ணி வருஷத்துக்கு நாலு கிலோதானா?

இந்தக் கேள்வி நியாயமானது. எட்டாவது பதிலின் ஃபில்டருக்கு 5 லட்சம் விலை, 8 ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்வோம். 3.4 × 8, ஏறத்தாழ 27 கிலோ. கிலோவுக்கு 18,500 ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 40 மணி நேரமே ஓடும் செட்டுக்கு இதே தொகை பத்து மடங்கு விலையாகும். எனவே ஊரில் எந்த இன்ஜின் அதிகம் ஓடுகிறதோ, எது பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ ஒட்டி நிற்கிறதோ அதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாலு கிலோ சிறிய அளவல்ல. ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 40 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு வரம்பு. ஒரு கிலோ என்பது நூறு கோடி மைக்ரோகிராம். ஆனால் நாலு கிலோ குறைந்ததால் தெருக்காற்று இத்தனை மைக்ரோகிராம் சுத்தமானது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். காற்றின் திசை, குழாய் உயரம், ஓடும் நேரம் எல்லாம் சேர்ந்த வேறு கணக்கு அது.

22. கடைசியா, யாராவது கேட்டா காட்டறதுக்கு என்னென்ன வச்சிருக்கணும்?

பழைய, புதிய இன்ஜின் பலகைகளின் படம், ஆண்டும் கிலோவாட்டும் தெரியும்படி. மூன்றாண்டு டீசல் பில். ஹவர் மீட்டரையும் யூனிட் மீட்டரையும் மாதம் ஒருமுறை எழுதிய நோட்டு. வகைச் சான்றிதழ் நகல். ஃபில்டர் என்றால் பின் அழுத்தப் பதிவு, எஸ்சிஆர் என்றால் யூரியா பில். பழைய இன்ஜினை உடைத்த ரசீது. எண்களை முழுதாக்கி எழுதுங்கள். 4.302 கிலோ என்று எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டுகிறீர்கள். “4 கிலோ அளவில், 3 முதல் 5-க்குள்” என்று எழுதினால், கேட்பவர் எதிர்க் கேள்வி கேட்டாலும் உங்கள் நோட்டைத் திறந்து காட்ட முடியும்.